கைதட்ட ஆளில்லை... சென்னிமலை ஏறலாம் வாங்க!

ஒரு சின்னக் கற்பனை ஃப்ரெண்ட்ஸ். காலேஜ் கல்ச்சுரல்ஸ். உங்க பேண்டுக்கு மேடை ரெடி, ஸ்பீக்கர் ரெடி, டிரம்ஸ் ரெடி. நிமிர்ந்து பார்த்தா எதிரே 20,000 பேர் உட்காரக்கூடிய கேலரி. அதில் ஒருத்தர்கூட இல்லை. விசில் இல்லை, 'ஒன்ஸ் மோர்' இல்லை, எதிர் டிபார்ட்மெண்ட் பசங்களோட 'ஓ...' சத்தம்கூட இல்லை. வாசிப்பீங்களா? 'இதுக்கு ஹாஸ்டல் ரூமே போதும் மச்சி'னு கிடாரைப் பையில் போட்டுக்கிட்டுக் கிளம்பிடுவீங்கதானே?

1971 அக்டோபரில் நாலு பேர் அப்படிக் கிளம்பிப் போகலை. இத்தாலியில், எரிமலைச் சாம்பலில் புதைஞ்சு மீண்டு வந்த பாம்பே நகரத்து ரோமானிய அரங்கத்தில் வாத்தியங்களை இறக்கி, காலி கேலரிக்கு வாசிச்சாங்க. நம்ம ஊர் மும்பை இல்லீங்க, இது வேற பாம்பே. வாசிச்சவங்க பிங்க் ஃபிளாய்டு. ராக் இசையில் 'புரோக்ரஸிவ்' என்று ஒரு வகை உண்டு. மூணு நிமிஷத்தில் முடியாத பாட்டு, நடுவில் திசை மாறும் பாட்டு, பல்லவி எங்கே என்று தேட வைக்கும் பாட்டு. அந்த வகையில் ஆள் இல்லாமல் லைவாக வாசிச்ச பதிவு என்றால் உலகம் முழுக்க முதலில் சொல்வது இதைத்தான்.

அந்தப் பதிவைக் காதில் மாட்டிக்கிட்டு நடக்கக் கொங்கு நாட்டில் சரியான இடம் எதுன்னு என்னைக் கேட்டால், யோசிக்காமல் சென்னிமலை என்பேன். ஏன்னு படியேறிக்கிட்டே சொல்றேன். கிளம்புங்க.

கீழே... தறிச் சத்தம்!

ஈரோட்டிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். பெருந்துறையிலிருந்து வந்தால் இன்னும் கிட்ட. பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரா மலைக்குப் போயிடாதீங்க. முதல்ல ஊருக்குள்ளே இரண்டு சந்து திரும்புங்க. அதுக்கு ஹெட்செட் வேண்டாம், பையிலேயே இருக்கட்டும்.

கைத்தறி ஓடுகிற வீடு ஒண்ணு கண்டிப்பா கிடைக்கும். 'டடக்... டடக்...' நாடா இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓடுது, பலகை வந்து அடிக்குது, கால் மிதியை மாத்துது. மறுபடி நாடா. இந்த ஊர் பெட்ஷீட்டில் படுத்து உறங்காத ஹாஸ்டல் பையன் தமிழ்நாட்டில் குறைவு. துண்டு, தலையணை உறை, மேட், திரைச்சீலை என்று இங்கிருந்து போகாத வீட்டுச் சாமான் இல்லை. நெசவாளர்களைக் கூட்டுறவுச் சங்கமாகத் திரட்டி, இந்த ஊர்த் துணியை வெளியூருக்கு எடுத்துப்போக வழி செய்தவர்களில் முக்கியமானவர் பத்மஸ்ரீ எம்.பி. நாச்சிமுத்து. ஊரிலேயே ஒரு இன்ஜினீயரிங் காலேஜ் அவர் பேரைத் தாங்கி நிற்குது. பக்கத்து காலேஜில் படிக்கிறவங்க அந்தப் பேரைப் பஸ்ஸில் ஆயிரம் தடவை பார்த்திருப்பீங்க. யாருன்னு விசாரிச்சிருக்கீங்களா?

அதே சந்தில் இன்னும் பத்து எட்டு வைத்தால் வேறொரு சத்தம் வரும். இடைவெளியே விடாத இரைச்சல். அது விசைத்தறி. இரண்டையும் அடுத்தடுத்து நின்னு கேளுங்க. கைத்தறியில் ஒவ்வொரு அடிக்கும் நடுவே ஒரு மூச்சு இருக்கும். ஆள் களைச்சா தாளம் இறங்கும், டீ குடிச்சுட்டு வந்தா ஏறும். விசைத்தறிக்கு அந்தத் தொந்தரவே கிடையாது. கரண்ட் இருக்கிற வரைக்கும் ஒரே வேகம். இந்த வித்தியாசத்தை மனசில் வெச்சுக்கிட்டு மலை அடிவாரத்துக்கு வாங்க. மேலே போனதும் இது தேவைப்படும்.

முதல் படி... முதல் 'டிங்'!

மொத்தம் 1,320 படி. வண்டி போக மலைப்பாதையும் இருக்கு. ஆனா இன்னிக்கு நமக்குப் படிதான். வயசுக்கு முக்கால் மணி நேரம் போதும். நின்னு செல்ஃபி எடுத்தா ஒண்ணேகால் மணி நேரம். காலையில் ஆறு மணிக்கு ஏறுங்க, அதுவும் சாதாரண வார நாளில். செவ்வாய்க்கிழமை, கிருத்திகை, சஷ்டி, தைப்பூசம் எல்லாம் இந்தக் காரியத்துக்குச் சரிப்படாது. தைப்பூசத் தேர் சமயத்தில் இந்த மலையில் உங்க காதில் உங்க மூச்சே கேட்காது.

இப்ப ஹெட்செட்டை மாட்டுங்க. 'எக்கோஸ்' முதல் பாகம். முதல் படியில் கால் வைக்கும்போது பிளேயை அழுத்துங்க.

'டிங்...' ஒரே ஒரு பியானோ ஸ்வரம். ரிச்சர்ட் ரைட் அதைச் சுழலும் ஸ்பீக்கர் ஒன்றின் வழியே அனுப்பியதால், தண்ணிக்குள்ளே யாரோ மணி அடிச்ச மாதிரி வரும். கொஞ்ச நேரம் ஒண்ணுமே இருக்காது. மறுபடி 'டிங்...' உங்களுக்கு அவசரமா இருக்கும். பாட்டுக்கு அவசரமே கிடையாது. முதல் நூறு படி இப்படியே போகும். அப்புறம் கிடார் வரும், பேஸ் வரும், டிரம்ஸ் மெதுவா வந்து உட்காரும். இரண்டு குரல் சேர்ந்து பாட ஆரம்பிக்கும்போது உங்க முழங்கால் 'போதும்டா' என்று சொல்லும். அங்கேயே ஒரு மண்டபம் இருக்கும். உட்காருங்க. குரங்கு கிட்ட வந்தா பையை மடியில் வெச்சுக்கோங்க. பொரி பாக்கெட்டை வெளியே எடுக்கவே எடுக்காதீங்க.

உட்கார்ந்த நேரத்தில் கதையைச் சொல்லிடறேன்.

ஏட்ரியன் மேபன் என்று ஒரு இளம் டைரக்டர். 1971 கோடையில் பாம்பேவுக்கு டூர் வந்தவர் பாஸ்போர்ட்டைத் தொலைச்சுட்டார். மதியம் சாப்பிட்ட அரங்கத்தில்தான் விழுந்திருக்கணும் என்று சாயங்காலம் மறுபடி உள்ளே போனார். டூரிஸ்ட் எல்லாம் போயாச்சு. மங்கின வெளிச்சம், பூச்சிச் சத்தம், அந்தக் கல் அரங்கம் சின்னச் சத்தத்தைக்கூடத் திருப்பித் தருவது... அங்கேயே ஐடியா உதிச்சுடுச்சு. பாஸ்போர்ட் கிடைச்சதாகத் தெரியலை. நமக்கு ஒரு படம் கிடைச்சுது.

அந்தக் காலத்தில் ராக் படம்னா என்ன? 1969-இல் அமெரிக்காவில் நடந்த வுட்ஸ்டாக் விழா, அதை வெச்சு 1970-இல் வந்த படம். மேடையில் பாடறவரைவிட சேற்றில் ஆடுகிற லட்சக்கணக்கான ஜனம்தான் அதில் ஹீரோ. மேபன் அதைத் தலைகீழாகப் புரட்டிப் போட நினைச்சார். கூட்டமே இல்லாத கச்சேரிப் படம்! தொல்லியல் இடத்தில் ராக் பேண்டா என்று அதிகாரிகள் கையைப் பிசைஞ்சாங்க. நேப்பிள்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் பிங்க் ஃபிளாய்டு ரசிகராக இருந்ததால் பேசி அனுமதி வாங்கிக் கொடுத்தார். புரொஃபசர்களில் நல்லவங்களும் உண்டு, கவனிங்க.

பேண்ட் போட்ட கண்டிஷன் ஒண்ணே ஒண்ணு. வாயசைச்சு நடிக்க மாட்டோம், நிஜமாவே வாசிப்போம். அதுக்காக லண்டனிலிருந்து மொத்தச் சாமானும் லாரியில் வந்துச்சு. வந்து இறக்கினா கரண்ட் பத்தலை! கடைசியில் ஊர் நகராட்சிக் கட்டடத்திலிருந்து தெருத் தெருவாகக் கேபிள் இழுத்துத்தான் சமாளிச்சாங்க. நம்ம ஊர்த் திருவிழா ஆர்கெஸ்ட்ராவுக்கு டிரான்ஸ்ஃபார்மர்லேர்ந்து லைன் இழுக்கிற அதே டெக்னிக். இதில் சில நாள் வீணாகி, அக்டோபர் 4 முதல் 7 வரைதான் படப்பிடிப்புக்குக் கிடைச்சுது. உள்ளூர்ப் பையன்கள் சிலர் எப்படியோ உள்ளே நுழைஞ்சு வேடிக்கை பார்த்தாங்களாம். மொத்த ஆடியன்ஸும் அவ்வளவுதான்.

இன்னொண்ணு. 'எக்கோஸ்' இடம்பெற்ற 'மெடில்' ஆல்பம் அப்போ இன்னும் கடைக்கே வரலை. கேட்க ஆளில்லாத இடத்தில், யாரும் வாங்கி வீட்டில் கேட்டிராத பாட்டை வாசிச்சிருக்காங்க!

உண்மையைச் சொல்லிடணும். முழுக்க முழுக்க பாம்பேயில் வாசிச்சது மூணே பாட்டு. 'எக்கோஸ்', 'எ ஸாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்', 'ஒன் ஆஃப் தீஸ் டேஸ்'. மிச்சத்தை டிசம்பரில் பாரிஸ் ஸ்டுடியோ ஒன்றில் எடுத்துச் சேர்த்தாங்க. அதில் ஒரு நாயைப் பாட வெச்ச பாட்டும் இருக்கு. நான் அதைத் தாண்டிப் போயிடுவேன். நாய்ப் பிரியர்கள் மன்னிக்க!

'ஒன் ஆஃப் தீஸ் டேஸ்' மட்டும் வீடியோவோட பாருங்க. டிரம்மர் நிக் மேசன் முகத்தையே காமிரா பிடிச்சுக்கிட்டிருக்கும். ஸ்டைலுக்காக அல்ல. மற்றவர்களை எடுத்த ஃபிலிம் சுருள்கள் காணாமப் போச்சு, இருந்ததை வெச்சு ஒப்பேத்தினாங்க. அந்தப் பாட்டு நடுவில் மேசன் கையிலிருந்து ஒரு குச்சி நழுவிடும். மனுஷன் நிறுத்தலை. தாளம் போய்க்கிட்டே இருக்கு, இன்னொரு குச்சியை உருவி எடுத்து அடுத்த அடியில் சேர்ந்துடறார். யார் பார்க்கப் போறாங்க, மறுபடி எடுத்துக்கலாம் என்று விட்டிருக்கலாம். விடலை. 'லைவ்' என்ற வார்த்தைக்கு எனக்குப் புரிஞ்ச அர்த்தம் அந்தக் குச்சிதான். எதிரே ஆள் இருக்கணும் என்பது அப்புறம். நடுவில் நிக்காமல் இருக்கணும் என்பதுதான் முதல்ல.

போதும், எந்திரிங்க. பாதிப் படி மிச்சம் இருக்கு.

மேலே... காக்கா இல்லாத மலை!

உச்சியில் சுப்பிரமணியசுவாமி. அவருக்குப் பின்னால் இன்னும் மேலே ஏறினால் வள்ளி தெய்வானை சன்னதி, அதுக்கும் மேலே பிண்ணாக்குச் சித்தர் குகை. அருணகிரிநாதர் பாடிய தலம். இந்த மலையில் காக்கா பறக்காது என்று ஊரே சொல்லும். நீங்களும் அண்ணாந்து பார்த்துக்கோங்க. எதிரே கேட்க ஆளில்லாத இடம் தேடித்தானே வந்தோம், இங்கே காக்காகூட கிடையாதாம்!

கந்த சஷ்டி கவசத்தை தேவராய சுவாமிகள் அரங்கேற்றியது இந்த மலையில்தான் என்பது இங்குள்ள நம்பிக்கை. அதைச் சூலமங்கலம் சகோதரிகள் ஜெயலட்சுமியும் ராஜலட்சுமியும் பாடிய பதிவு உங்க தெரு ஸ்பீக்கரிலும் கேட்டிருக்கும். தூக்கத்தைக் கெடுத்ததுக்காக ஸ்கூல் படிக்கும்போது திட்டியிருப்பீங்க. நினைச்சுப் பாருங்க. அதுவும் ஒரு அறைக்குள்ளே, எதிரே கூட்டம் எதுவும் இல்லாமல் பாடினதுதான். அப்புறம் எத்தனை விடியல், எத்தனை ஊர்! ரேடியோவிலும் அப்படித்தான். ஆல் இந்தியா ரேடியோ ஆரம்ப காலத்தில் பெரிய வித்வான்கள் ஸ்டுடியோவில் உட்கார்ந்து, மைக்கை மட்டும் பார்த்துக்கிட்டு நேரடியாக வாசிச்சாங்க. தலையாட்ட முன் வரிசை மாமா இல்லை. ராகத்தை முடிச்சா நிசப்தம். அடுத்து அறிவிப்பாளர் குரல். பிங்க் ஃபிளாய்டுக்கு ரொம்ப முன்னாடியே நம்ம ஆளுங்க பார்த்த விஷயம் இது.

கோவிட் வந்த 2020 டிசம்பரில் சென்னை மார்கழி சீஸனும் அப்படித்தான் ஆச்சு. சபாக்கள் சேர்ந்து, காலி ஹாலில் கச்சேரிகளைப் பதிவு செய்து ஆன்லைனில் விட்டாங்க. பார்த்திருந்தால் ஞாபகம் இருக்கும். தனி ஆவர்த்தனம் முடியும், கைதட்டல் வர வேண்டிய இடத்தில் ஃபேன் சத்தம் மட்டும் வரும். சிலருக்கு அது சங்கடமா இருந்துச்சு. எனக்கு அந்த இரண்டு செகண்ட் ரொம்பப் பிடிச்சது. தம்புரா அப்பதான் காதில் விழுந்துச்சு.

பெங்களூரு 'அகம்', கேரளாவின் 'தைக்குடம் பிரிட்ஜ்' எல்லாம் உங்க பிளேலிஸ்டில் இருக்கும். கப்பா டிவி 'மியூசிக் மோஜோ' நிகழ்ச்சி வழியே நாம பார்த்த அவங்க வாசிப்பும் ஸ்டுடியோவுக்குள்ளே, ஒரே மூச்சில் எடுத்ததுதான். சரி, அது உங்களுக்கே தெரியும். மலைக்கு வருவோம்.

உச்சியில் நின்னு தென்மேற்கே பாருங்க. அந்தத் திசையில் நொய்யல் ஓடுது. திருப்பூர் சாயத்தண்ணி தேங்கி நாறிப்போன ஒரத்துப்பாளையம் அணையும் அந்தப் பக்கம்தான். அதுக்கு ஒரு தனிக் கட்டுரை வேணும். நம்ம கதைக்கு வேண்டியது நொய்யலின் வடகரையில் இருக்கிற கொடுமணல்.

சங்க இலக்கியத்தில் பதிற்றுப்பத்து 'கொடுமணம்' என்று சொல்வது இந்த ஊரைத்தான். கபிலரும் அரிசில்கிழாரும் அதன் அணிகலன்களைப் பாடியிருக்காங்க. 1985 முதல் பல கட்டங்களாக அங்கே தோண்டினாங்க. இரும்பு உருக்கிய உலை, தமிழ்-பிராமியில் ஆள் பெயர் கீறிய பானை ஓடுகள், அப்புறம் மணிகள். பெரில் என்கிற கடல்பச்சைக் கல், பளிங்கு, சிவப்புச் சூதுபவளம். செஞ்சு முடிச்ச மணியோட, பாதி தீட்டினதும் துளை போடும்போது உடைஞ்சதும் சேர்ந்து கிடைச்சுது. அதாவது இங்கே பட்டறை இருந்திருக்கு. பக்கத்தில் காங்கேயம் அருகே படியூரில் பெரில் கல்லே கிடைக்கும். சேரர் தலைநகர் கரூரையும் மேற்குக் கடற்கரை முசிறியையும் இணைக்கிற வழியில் கொடுமணல் உட்கார்ந்திருக்கு. கோவை வெள்ளலூரில் ரோமானியக் காசுப் புதையல்கள் கிடைச்சதும் இந்த வழி எதுக்குப் பயன்பட்டது என்பதைச் சொல்லும்.

ரோமில் பிளினி என்று ஒருத்தர். கப்பற்படைத் தளபதி, கூடவே உலகத்து விஷயம் எல்லாத்தையும் எழுதி வைக்கிற கிறுக்கர். 'இயற்கை வரலாறு' என்று 37 தொகுதி எழுதினார். கடைசித் தொகுதி ரத்தினங்கள் பற்றியது. பெரில் கல் இந்தியாவில் கிடைப்பது, வேறு இடத்தில் அபூர்வம், கடலின் பச்சை நிறத்தில் இருப்பதே உசத்தி என்று அதில் எழுதியிருக்கார். வருஷா வருஷம் நம்ம காசு 5 கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போகுதே என்று வேறொரு தொகுதியில் புலம்பியிருக்கார். அவர் பார்த்த கல்லில் எது படியூர்க் கல், எது கொடுமணல் தீட்டினது என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது. ஆனா ரோமுக்குப் போன பெரிலில் கொங்கு நாட்டுக்குப் பெரிய பங்கு இருந்தது என்பது ஆய்வாளர்கள் பலர் ஒப்புகிற விஷயம்.

இந்தப் பிளினி எப்படிச் செத்தார் தெரியுமா? கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடிச்சப்போ, மாட்டிக்கிட்டவங்களைக் காப்பாத்தக் கப்பலில் போய், கரையிலேயே மூச்சு முட்டிச் செத்தார். பாம்பேயைப் புதைச்ச அதே வெடிப்பு!

அந்த அரங்கம் அதுக்கும் ஏறக்குறைய 150 வருஷம் முன்னாடி கட்டினது. இன்னிக்கும் நிற்கிற ரோமானியக் கல் அரங்கங்களில் அதுதான் மிகப் பழசு. அதில் கி.பி. 59-இல் ஒரு கூத்து நடந்துச்சு. கிளாடியேட்டர் சண்டை பார்க்க வந்த பாம்பேக்காரங்களும் பக்கத்து ஊர் நூசேரியாக்காரங்களும் கேலரியிலேயே அடிச்சுக்கிட்டாங்க. முதல்ல வாய்ச் சண்டை, அப்புறம் கல், அப்புறம் கத்தி. பல பேர் செத்தாங்க. ரோம் செனட் கோபத்தில் 10 வருஷத்துக்கு அங்கே அந்த மாதிரிக் காட்சிக்குத் தடை போட்டுச்சு. இன்டர்-காலேஜ் மேட்ச் முடிஞ்சு அடிதடி ஆனா பிரின்சிபால் அடுத்த வருஷம் கல்ச்சுரல்ஸையே கேன்சல் பண்ணுவாரே, அதே பஞ்சாயத்து. ஆக, ஆடியன்ஸ் தொல்லையால் ஆட்டத்தையே நிறுத்தின அரங்கம் அது! ஆடியன்ஸே இல்லாமல் 1971-இல் நாலு பேர் வந்து வாசிச்சது அதுக்கு நிம்மதியாகத்தான் இருந்திருக்கும்.

இப்ப 'ஸாசர்ஃபுல்' போடுங்க. நடுவில் ரோஜர் வாட்டர்ஸ் பெரிய காங் ஒன்றை அடிச்சுத் தள்ளுவார். படத்தில் பின்னாடி சூரியன். காங் அடங்கும்போது காற்றும் கேட்கிற மாதிரி இருக்கும். ஸ்டுடியோ ஆல்பத்தில் அது கேட்காது. அங்கே இசைக்கு வெளியே ஒண்ணுமே இல்லை. இங்கே கூட்டமும் இல்லை, சுவர் அடைப்பும் இல்லை. அதனால இடமே உள்ளே புகுந்து ஒரு வாத்தியம் மாதிரி உட்கார்ந்துக்குது. உங்களுக்குச் சந்தேகமா இருந்தா ஹெட்செட்டைக் கழட்டுங்க. சென்னிமலை உச்சியிலும் காற்று அதையேதான் பண்ணிக்கிட்டு இருக்கும். கோயில் மணி ஒண்ணு விழும். கீழே ஊரிலிருந்து, மெலிசா, தறி இரைச்சல் ஏறி வரும்.

2016-இல் டேவிட் கில்மோர் மட்டும் அதே அரங்கத்துக்குத் திரும்பிப் போய் ஜூலை 7, 8-இல் வாசிச்சார். இந்த முறை ஆடியன்ஸ் உண்டு. நல்லாத்தான் வாசிச்சார். ஆனா கைதட்டல் வந்து விழுந்ததும் அது உலகத்தில் எங்கே வேணாலும் நடக்கிற கச்சேரி ஆயிடுச்சு. 1971 பதிவுக்கு ஏன் இன்னும் மவுசு என்று அப்பதான் தெரிஞ்சுது. அசல் 35 எம்.எம். நெகட்டிவிலிருந்து படத்தைச் சுத்தம் பண்ணி, ஸ்டீவன் வில்சன் ஒலியைப் புதுசா மிக்ஸ் பண்ணி, 2025 ஏப்ரலில் தியேட்டருக்கும் மே மாதம் முழு லைவ் ஆல்பமாகவும் கொண்டுவந்தாங்க. வாசிச்சு 54 வருஷம் கழிச்சு! பிரிட்டன் ஆல்பம் பட்டியலில் முதலிடம். கீபோர்டு வாசிச்ச ரைட் அதைப் பார்க்க இல்லை. 2008-லேயே போயிட்டார்.

இறங்கும்போது... ஒரு பெரியவர்!

இறங்கி ஊருக்குள்ளே வரும்போது ஒரு தறி வீட்டு வாசலில் தண்ணி கேட்டேன். உள்ளே தறியில் உட்கார்ந்திருந்த பெரியவர் சொம்பைக் கை காட்டிட்டு என் கழுத்தைப் பார்த்தார்.

"ஏங் கண்ணு, கழுத்துல என்னத்தத் தொங்கப் போட்டிருக்கற?"

"பாட்டுக் கேக்கறதுங்கய்யா."

"குடு, பாக்கலாம்."

மாட்டிவிட்டேன். 'ஒன் ஆஃப் தீஸ் டேஸ்' ஓடிக்கிட்டிருந்தது. கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டார். கால் தன்னால மிதியைத் தட்டுச்சு. பாட்டு முடிஞ்சதும் கழட்டிக் கொடுத்தார்.

"கொட்டு நல்லாத்தான் இருக்குது. ஒருத்தனும் கை தட்டக் காணோமே?"

"ஆளே இல்லாத எடத்துல வாசிச்சதுங்கய்யா."

"அப்பறம் யாருக்கு வாசிச்சாங்களாமா?"

எனக்குச் சட்டுனு பதில் வரலை. அவர் நாடாவைக் கையில் எடுத்துக்கிட்டார்.

"நாங்க மட்டும் யாரு பாக்கறாங்கன்னு அடிக்கறோம்? போத்திப் படுக்கறவனுக்கு நம்ம மூஞ்சி தெரியுமாக்கும்?"

அவர் அதைத் தத்துவமா எல்லாம் சொல்லலீங்க. சொல்லிட்டு உடனே கூலிக் கணக்குக்குப் போயிட்டார். பெட்ஷீட்டில் சில வகைகளைக் கைத்தறிக்கு மட்டும் என்று 1985-இல் மத்திய அரசு கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம் போட்டு ஒதுக்கி வெச்சிருக்கு. அதே ரகம் விசைத்தறியில் ஓடி, கைத்தறிப் பேரில் குறைஞ்ச விலைக்கு வருது என்பது நெசவாளர்களின் நெடுநாள் புகார். அவருக்கும் அதேதான். பையன் பெருந்துறை சிப்காட்டில் வேலைக்குப் போறானாம். தறிக்கு வர மாட்டானாம். "வரவேண்டாம்னு நாந்தாஞ் சொன்னேன்" என்றார்.

பேசிக்கிட்டே அடிச்சுக்கிட்டிருந்தவர் திடீர்னு நிறுத்தினார். குனிஞ்சு ஒரு இழையைப் பிடிச்சு முடி போட்டார். எனக்கு அறுந்ததே தெரியலை.

"கண்ணு பாக்கறதுக்கு முன்னால காது சொல்லிப்போடும். சத்தம் மாறும்ல?" என்றார்.

எனக்கு மாறின மாதிரி தெரியலை. இன்னும் கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து கேட்டேன். அடுத்த இழை அறுந்தப்போ, லேசா, பலகை அடியில் ஏதோ ஒண்ணு குறைஞ்ச மாதிரி இருந்துச்சு. சரியா கேட்டேனா, சும்மா நினைச்சுக்கிட்டேனா... பெரியவர் ஏற்கெனவே குனிஞ்சிருந்தார்.

விசைத்தறியில் இந்தக் காது வேலைக்கு ஆகாது. சத்தமே அதைத் தின்னுடும். இந்தத் தலைமுறை எந்திரிச்சுப் போனதும் பெட்ஷீட் எப்படியும் வரும், கடையில் தொங்கும். 'டடக்... மூச்சு... டடக்' மட்டும் வராது. அந்தக் காதும் வராது.

அதனால உங்களுக்கு ஒரு வேலை. பிங்க் ஃபிளாய்டு 1973-இல் வெளிவந்த 'மணி' பாட்டுக்காக கல்லாப்பெட்டிச் சத்தத்தையும் சில்லறைச் சத்தத்தையும் டேப்பில் பிடிச்சு, வெட்டி, ஒட்டி, ஏழு அடித் தாளமா ஓட்டினாங்க. அப்போ டேப்பை ஸ்கேலால் அளந்து பிளேடால் வெட்டணும். உங்க கையில் இருக்கிற போனில் அதைவிட நூறு மடங்கு வசதி இருக்கு. சென்னிமலை, பவானி, சிவகிரி... எந்தத் தறி ஊரிலிருந்து நீங்க காலேஜ் வந்தாலும் சரி, அடுத்த லீவுக்குப் போகும்போது உங்க தாத்தாவோ பக்கத்து வீட்டு அப்பாரோ தறியில் உட்காரும்போது பத்து நிமிஷம் பதிவு பண்ணுங்க. பேட்டி எல்லாம் வேண்டாம். கேள்வி கேட்டா தறி நின்னுடும். போனைத் தறிக்கட்டையில் வைக்காதீங்க, அதிரும். நாலடி தள்ளி ஒரு மடிச்ச துணி மேல வைங்க. காலையில் முதல் தறி ஆரம்பிக்கிற நேரம் நல்லது. கோழி, குழாய்த் தண்ணி, பால்காரர் ஹாரன் எதுவும் உள்ளே வரட்டும், தடுக்காதீங்க. இழை அறுந்து தறி நிக்குதா? நீங்க நிறுத்தாதீங்க. முடி போட்டு மறுபடி முதல் அடி விழற வரைக்கும் ஓடட்டும்.

பதிவு ஆரம்பிக்கும் முன்னாடி ஏர்பிளேன் மோட் போட்டுடுங்க. இல்லைன்னா ஆறாவது நிமிஷத்தில் 'சாப்டியா கண்ணு'னு அம்மா போன் வந்துடும்.